டிக்கெட்டை யார் கிழிப்பது, கேட்டை யார் பூட்டுவது?

கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கிளாவரை என்று போகும் மேல்மலைச் சாலையில் ஏதாவது ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு மேலே ஒரு சோலை. சோலைக்குள்ளிருந்து இறங்கும் ஓடை ஓரிடத்தில் பாறையிலிருந்து குதிக்கிறது. மாடு மேய்ப்பவர்களுக்கும் தேன் எடுப்பவர்களுக்கும் மட்டுமே தெரிந்திருந்த இடம். யாரோ ஒருவர் அதை ரீல்ஸாகப் போட்டுவிட, அடுத்த விடுமுறைக்கே ஊர் முனையில் திரும்ப இடமில்லாமல் கார்கள் நிற்கின்றன. அப்புறம் ஊர்க்கூட்டத்தில் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

"நம்ம அருவிக்கு நாமளே டிக்கெட் போட்டா என்ன?"

"ஃபாரஸ்ட்ல சும்மா விடுவாங்களா மாமா?"

"பேசாம ஏலத்துல விட்டுருங்கப்பா. மொத்தமா ஒரு தொகை கைக்கு வரும்."

"நாம குடிக்கிற தண்ணியிலதான் அவனுக சோப்புப் போட்டுக் குளிக்கிறானுக. முதல்ல அதைக் கேளுங்க" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா.

இந்தப் பேச்சு மேல்மலையில் மட்டும் நடப்பதில்லை. கோத்தகிரிப் பக்கத்து ஊர்களிலும் கூடலூர் பக்கமும் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் நடக்கிறது. எங்கே சுற்றினாலும் கடைசியில் டிக்கெட் காசில் ஊருக்கு எவ்வளவு என்ற கணக்கில் வந்து நிற்கும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. கூட்டம் தாங்காத நாளில் "இன்றைக்குப் போதும்" என்று கேட்டைப் பூட்டும் அதிகாரம் யாரிடம்? ஞாயிறு முடிந்து திங்கள் காலையில் குப்பை பொறுக்குவது யார்? எந்த ஏற்பாட்டில் இந்த இரண்டுக்கும் ஊரிலேயே பதில் இருக்கிறதோ, அதுவே நல்ல ஏற்பாடு என்பது என் கட்சி. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

இ-பாஸ் வந்துவிட்டதே, கூட்டத்தை அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு கட்டினார்கள்: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நல்ல காரியம். ஆனால் இது மலைக்கு மொத்தமாகப் போட்ட கணக்கு. அந்த 6,000-இல் எத்தனை வண்டி உங்கள் ஓடைக்கரைக்கு வரும் என்று இ-பாஸ் சொல்லாது. ஏரியைச் சுற்றியும் பைன் காட்டிலும் நெரிசல் என்றால், "கூட்டமே இல்லாத இடம் ஒண்ணு இருக்கு சார்" என்று டாக்ஸி ஓட்டுநர் மேல்மலைக்குத் திருப்புவார். அவர் பிழைப்பு அது. ஆக, ஊர் அளவில் ஒரு வரம்பு தனியாக வேண்டும்.

நிலம் யாருடையது

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று வாக்குவாதம் செய்வதற்கு முன்னால் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போய் எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்துவிடுவது நல்லது. பாதி வழிகள் அங்கேயே அடைபட்டுவிடும். கார் நிறுத்தும் மேடு யாரோ ஒருவரின் பட்டா, ஓடை புறம்போக்கு, அருவி காப்புக்காடு என்று ஒரே இடம் மூன்றாகப் பிரிந்து கிடக்கலாம். பழனி மலையின் காப்புக்காடுகளில் பெரும்பகுதியை 2013-இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர். அருவி அந்த எல்லைக்குள் விழுந்தால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடும். உள்ளே நுழைவதற்கே அனுமதி வேண்டும். ஊராட்சி அச்சடித்த டிக்கெட் அங்கே செல்லாது.

நீலகிரியில் இன்னும் குழப்பம். காப்புக்காடு, வருவாய் நிலம், தேயிலைத் தோட்டம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கிடக்கும். முதுமலை போன்ற புலிகள் காப்பகம் என்றால் விதிகள் இன்னும் இறுகும். எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்காமல் தீர்மானம் எழுதினால் அது காகிதத்தோடு நின்றுவிடும்.

ஏலம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். குத்தகை எடுத்தவர் வருடத் தொகையை முன்பணமாகக் கட்டியிருப்பார். அதற்குப் பிறகு அவர் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு வண்டியும் அவருக்கு நஷ்டம். தீபாவளி வாரத்தில் கேட்டைப் பூட்டச் சொல்லிப் பாருங்கள், "அப்ப என் காசைத் திருப்பிக் குடுங்க" என்பார். அவர் கெட்டவர் என்பதில்லை, கணக்கு அப்படி. குத்தகை மூன்று வருடம், ஓடை அவர் பேரனுக்கு வேண்டியதில்லை.

தனியார் சுற்றுலாவைக் கட்டுப்பாடில்லாமல் வளரவிட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு நீலகிரியின் சீகூர் பகுதி இருக்கிறது. யானை வழித்தடத்தில் விடுதிகள் வரிசையாக முளைத்தன. 2010-இல் அரசு அந்த வழித்தடத்தை அறிவிக்கை செய்தது, 2011-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பத்து வருட வழக்கு. நடுவில் விடுதிகளுக்கு சீல். அதற்குப் பிறகும் 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு தங்குமிடத்திலிருந்து தீப்பிடித்த டயரை யானை மேல் எறிந்தார்கள். அந்த யானை பிழைக்கவில்லை. அந்த விடுதிகளிலும் உள்ளூர்ப் பையன்கள்தான் ஜீப் ஓட்டினார்கள், உள்ளூர்ப் பெண்கள்தான் சமைத்தார்கள். உள்ளூர் ஆள் வேலை பார்ப்பதும் உள்ளூர் மக்கள் பங்கேற்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஊராட்சி

ஊராட்சியின் பலம் அது கண்ணெதிரே இருப்பது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கிராம சபை. கேள்வி கேட்க இடம் உண்டு. சாலையும் தெருவிளக்கும் அவர்கள் பொறுப்பு. முக்கியமாக, தூய்மைக் காவலர்கள் அவர்களிடம்தான் இருக்கிறார்கள்.

திங்கள் காலை அந்த ஓடைக்கரையில் கட்டிய ஒரு மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் விஷயம் புரியும். மேலாகச் சிப்ஸ் பாக்கெட்டும் பேப்பர் கப்பும். நடுவில் பிரியாணிப் பொட்டலம். அதைக் காட்டுப்பன்றியோ காட்டுமாடோ ராத்திரியே கிழித்திருக்கும், உப்பு ருசிக்கு பிளாஸ்டிக்கும் சேர்த்து உள்ளே போயிருக்கும். அடியில் குழந்தைகளின் டயப்பர்கள், ஓடைத் தண்ணீரைக் குடித்து ஊதி ஒவ்வொன்றும் கல்லாகக் கனக்கும். எல்லாவற்றுக்கும் கீழே உடைந்த பீர் பாட்டில். கையுறை தருகிறார்கள், ஆனால் கண்ணாடிக்கு அது தாங்காது. தூய்மைக் காவலர் அக்கா ஒருவர் கம்பியை வளைத்துக் கொக்கி செய்து வைத்திருப்பார், டயப்பரை அதால்தான் எடுப்பார். சுற்றுலா மேம்பாட்டுத் திட்டம் எதை எடுத்தாலும் அந்தக் கொக்கிக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்களா என்று முதலில் தேடுவேன்.

இதற்கு ஊராட்சிக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. திடக்கழிவு மேலாண்மை விதிகளில் மலைப் பகுதிகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. மலைமேல் குப்பைக் கிடங்கு அமைப்பதைத் தவிர்க்க வேண்டும், மிஞ்சும் கழிவைச் சமவெளிக்கு இறக்க வேண்டும் என்கிறது. நுழைவிடத்திலேயே சுற்றுலாப் பயணியிடம் குப்பைக் கட்டணம் வாங்கலாம் என்றும் சொல்கிறது. அருவிக்கு டிக்கெட் போட முடியாத ஊராட்சி, சாலையில் குப்பைக் கட்டணம் வாங்க முடியும். இரண்டும் வேறு.

கட்டணம் எப்படி வாங்குவது என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி போட்டார்கள். நீலகிரியில் 2022 மே மாதம் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தரும் முறை வந்தது. உயர் நீதிமன்றம் சொல்லித்தான் வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவர் போட்டுவிட்டுப் போனாலும் இன்னொருவர் பொறுக்கிக் கொண்டுவந்து பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார். வரி கட்டியவருக்கோ "காசு கட்டியாச்சே" என்ற தைரியம் வந்துவிடும். ஊர் முனையில் ஒரு மேசை, உள்ளே கொண்டுபோகும் பாக்கெட்டுக்கும் பாட்டிலுக்கும் ஸ்டிக்கர், திரும்பக் காட்டினால் காசு வாபஸ்: இதை நடத்த ஒரு மகளிர் குழு போதும். கொஞ்சம் சண்டை வரும், பழகிவிடும்.

ஊராட்சியின் பலவீனமும் தெரிந்ததே. வண்டி குறைந்தால் கடைக்காரர்கள் தலைவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அடுத்த தேர்தலை நினைக்காமல் கேட்டைப் பூட்டுகிற தலைவர் அபூர்வம். இன்னொன்று, தலைவரே இல்லாமலும் போகலாம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது நீலகிரி, திண்டுக்கல் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. ஏற்பாடு முழுவதையும் ஊராட்சித் தலைவரை நம்பிக் கட்டியிருந்தால் அன்றைக்கே அது ஆடிப்போயிருக்கும்.

வனத்துறையோடு குழு

அருவி காப்புக்காட்டில் இருந்தால் நடைமுறையில் இதுதான் முதல் கதவு. தமிழ்நாட்டில் 1997-இல் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தின் போதே ஊருக்கு ஊர் கிராம வனக்குழுக்கள் அமைத்தார்கள். சரணாலயப் பகுதிகளில் சூழல் மேம்பாட்டுக் குழு என்பார்கள். தலைவர் ஊர்க்காரர், உறுப்பினர் செயலர் வனவர், வங்கிக் கணக்கு இருவர் கையெழுத்தில்.

நன்றாக நடக்கும்போது எப்படி இருக்கும் என்று பார்க்க நீலகிரி அடிவாரத்துப் பரளிக்காட்டுக்குப் போய் வரலாம். கோவை மாவட்டம்தான், பில்லூர் அணையின் பின்பக்கம். வார இறுதியில் மட்டும், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். இருளர் ஊர்க்காரர்கள் பரிசல் ஓட்டுகிறார்கள், பெண்கள் களியும் குழம்புமாக மதியச் சாப்பாடு சமைக்கிறார்கள், பிறகு காட்டுக்குள் சின்னதாக ஒரு நடை, சாயங்காலம் எல்லோரும் வெளியே. அந்தச் சாப்பாட்டு முறை எனக்குப் பிடித்த விஷயம்: எத்தனை பேருக்குச் சமைத்தார்களோ அத்தனை பேருக்குத்தான் அன்றைக்கு இடம். சோற்றுப் பானையே வரம்பு கட்டிவிடுகிறது. மன்னவனூர் ஏரியில் வனத்துறை பரிசல் விடுவதையும், அவலாஞ்சியில் சொந்த வண்டியை நிறுத்திவிட்டு வனத்துறை வண்டியில் ஏற்றிப் போவதையும் இதே வரிசையில் சொல்லலாம். பேரிஜம் ஏரிக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது. யானை வந்து நின்றால் அனுமதியே இல்லை. பூட்டும் அதிகாரம் என்றால் அது. இதுவரை பார்த்த வழிகளில் சட்டத்தின் பலத்தோடு பூட்ட முடிவது வனத்துறைக்கு மட்டும்தான்.

கோளாறு எங்கே என்றால், அந்தச் சாவி ரேஞ்சர் மேசையில் இருக்கிறது. ஆர்வமுள்ள ரேஞ்சர் வந்தால் குழு கூடும், தீத்தடுப்புக் கோடு வெட்டுவார்கள், காட்டை ஆக்கிரமிக்கும் சீகை மரக் கன்றுகளைப் பிடுங்குவார்கள். அவர் மாற்றலானால் குழுவும் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இன்னொரு பக்கம், 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, வனத்துறையின் திட்டத்தில் சேர்த்த சூழல் சுற்றுலா வசதிகளை 'வனம் சாராத பயன்பாடு' என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். காட்டுக்குள் கட்டடம் எழுப்புவது முன்பைவிடச் சுலபம் என்று இதற்கு அர்த்தம். நல்ல அதிகாரியின் கையில் அது கழிப்பறையாகும். இன்னொருவர் கையில் கண்ணாடிப் பாலமாகும். ஊருக்கு அதில் சொல் இருக்கிறதா என்று குழுவின் விதிமுறையில் பார்க்க வேண்டும்.

குமுளிக்கு அந்தப் பக்கம் பெரியார் புலிகள் காப்பகத்தில் இதை வேறு மாதிரி செய்தார்கள். 1990-களின் கடைசியில், காட்டு லவங்கப்பட்டை திருடி விற்றுக்கொண்டிருந்தவர்களையே குழுவாக்கி வழிகாட்டி வேலை கொடுத்தார்கள். பயணிகளைக் கூட்டிக்கொண்டு அவர்கள் நடக்கிற நடையே ரோந்தாகவும் ஆனது. எந்தப் பாதையில் திருடன் வருவான் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? பெண்கள் 2002 முதல் 'வசந்த சேனா' என்ற பெயரில் கூலி வாங்காமல் காடு சுற்றுகிறார்கள். அங்கே டிக்கெட் வேலையும் காவல் வேலையும் ஒரே ஆளிடம். நம் பக்கம் பல இடங்களில் டிக்கெட் ஒருவரிடம், காவல் இன்னொருவரிடம், குப்பை மூன்றாவது ஆளிடம்.

ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி தீ 23 உயிரைக் கொண்டுபோன பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு அரசே ஆன்லைன் முன்பதிவைத் தொடங்கியது. வனத்தையொட்டிய ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்குகிறார்கள், தீ சீசனில் பாதைகளை மூடுகிறார்கள். இளைஞனுக்கு மரியாதையான வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் எத்தனை பேர், எந்தப் பாதை என்பதெல்லாம் சென்னையில் முடிவாகும். ஊர் இதில் வேலையாள், பங்காளி இல்லை.

வன உரிமைச் சட்டம்

கீழ்மலையில் பளியர் குடியிருப்புகளுக்கும் நீலகிரியில் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், பணியர் ஊர்களுக்கும் இதுதான் வலுவான வழி என்று நினைக்கிறேன். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சமூக வன வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கே உரிமை கொடுக்கிறது. இங்கே கிராம சபை என்பது ஊராட்சி முழுவதும் கூடுவதில்லை. அந்தக் குடியிருப்பின் பெரியவர்கள் கூடினால் போதும். பத்து முதல் பதினைந்து பேர் கொண்ட வன உரிமைக் குழு, அதில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். மனு கோட்ட அளவிலான குழுவுக்குப் போய், கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவில் முடியும்.

'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒடிசாவின் நியம்கிரி இருக்கிறது. அங்கே சுரங்கம் தோண்டலாமா என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே கேட்கச் சொன்னது, 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. ஓர் அருவியின் கேட்டைப் பூட்டுவது அதன் முன்னால் சின்ன விஷயம்.

ஆனால் இது மெதுவான பாதை. தமிழ்நாட்டில் 2008-இல் வந்த ஒரு நீதிமன்ற இடைக்கால உத்தரவால் வன உரிமைப் பட்டயம் வழங்குவது 2016 வரை தடைபட்டுக் கிடந்தது. பழங்குடி அல்லாத மேல்மலை விவசாயிகள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அந்தக் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும்; பலரால் முடியாது. அப்புறம், சட்டத்தில் 'சுற்றுலா நடத்தும் உரிமை' என்று தனியாக ஒன்று கிடையாது. காக்கும் உரிமையும் நிர்வகிக்கும் உரிமையும்தான் உண்டு. எனவே மனுவில் "அருவியில் டிக்கெட் போட" என்று எழுதிக்கொண்டு போனால் முதல் மேசையிலேயே திரும்பி வரும். தேன், கிழங்கு, மேய்ச்சல், சாமி கும்பிடும் இடம், தண்ணீர் என்று பாரம்பரியமாக இருப்பதை எல்லை காட்டி எழுத வேண்டும். அந்த உரிமை கைக்கு வந்த பிறகு பயணி வரலாமா, எந்த மாதம், எத்தனை பேர் என்று பேசினால் வனத்துறை எதிரே உட்கார்ந்து பேசும். குழு உறுப்பினராக மட்டும் போனால் கேட்டுக்கொண்டு வரலாம்.

காசுக்கு டிக்கெட்தான் வழி என்பதும் இல்லை. கோத்தகிரியை மையமாகக் கொண்ட ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் 2013 முதல் தேன், மிளகு, காப்பி, சிறுதானியம் என்று தன் உறுப்பினர்களின் விளைச்சலை விற்கிறது, 2021-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது வாங்கியது. கூடலூரில் பழங்குடிக் கைவினைஞர்கள் காட்டை அடைத்துப் படர்ந்த உண்ணிச்செடியை வெட்டி, அதிலேயே ஆள் உயர யானைகள் செய்து அனுப்புகிறார்கள். பயணி காட்டுக்குள் வராமலே காட்டால் வரும் வருமானம். மேல்மலையில் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இருக்கிறது. ஊர் முனையில் ஒரு கடை போட்டு நேரே விற்றால், அருவியில் ஒரு பருவம் வசூலாவதோடு போட்டி போடும் என்றே தோன்றுகிறது.

பூட்டியே வைத்துவிடலாமா

சோப்பைப் பற்றிக் கேட்ட அந்தப் பெரியம்மா, ஆளையே விடாதீர்கள் என்று சொன்னாலும் அதைப் பழமை என்று ஒதுக்கிவிட முடியாது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலை வெறும் 116 ஹெக்டேர். நாலாபுறமும் ஊர், தோட்டம், சாலை. இருந்தும் சோலை நிற்கிறது. உள்ளூர்க்காரர்கள் கண்காணிப்புக் குழு வைத்து வனத்துறையோடு சேர்ந்து காத்துவந்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் அது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அவர்களைச் சேர்த்தது டிக்கெட் இல்லை. சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிதண்ணீர் அந்தச் சோலையிலிருந்து வருகிறது.

இந்த வித்தியாசம் 2020-இல் வெளியே தெரிந்தது. கொரோனாவில் மலைப்பாதைகளை மூடியபோது டிக்கெட் வருமானத்தை நம்பிய ஏற்பாடுகள் எல்லாம் அப்படியே நின்றன. 2024 கோடையில் மேல்மலைக் காடுகளில் பல நாள் தீ எரிந்தபோதும் பயணிகளை நிறுத்தினார்கள். வருமானம் நிற்கிற மாதத்தில்தான் காவல் அதிகம் தேவைப்படுகிறது. தண்ணீருக்காகக் காக்கிறவன் அந்த மாதமும் போவான்.

ஆனால் முழுக்க மூடுவதற்கு நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. ரீல்ஸ் வந்த இடத்துக்கு ஆள் வந்தே தீரும். வேலியைத் தாண்டி, கண்காணிப்பே இல்லாமல் வரும். முழுசாகத் திறப்பதும் முழுசாக மூடுவதும் தவிர நடுவில் ஒன்று உண்டு, அது ஊர்க்கட்டுப்பாடு. வட்டக்கானலுக்குக் கீழே நெடுங்காலம் சாலையே இல்லாதிருந்த வெள்ளகவியில் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. மலையேற வருகிறவரும் எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்கிறார். போலீஸ் இல்லை, அபராதப் பலகை இல்லை. சாமிக்கு என்றால் கேட்கிற மனிதன் ஓடைக்கு என்றாலும் கேட்பான், சொல்கிறவர் ஊராக இருந்தால்.

நான் எதற்குக் கை தூக்குவேன்

அருவி காப்புக்காட்டில் இருக்கிற மேல்மலை ஊர் என்றால் வனத்துறைக் குழுவுக்கே என் ஓட்டு, ஆனால் முதல் டிக்கெட்டுக்கு முன்னால் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற எண் அதில் இருக்க வேண்டும். அதைக் கார் நிறுத்தும் இடத்தை அளந்து முடிவு செய்யக் கூடாது. கழிப்பறை எத்தனை, மழையில் பாதைச் சரிவு எவ்வளவு தாங்கும், திங்கள் காலை எத்தனை மூட்டை தூக்க முடியும் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். குறைத்தே ஆரம்பிக்கலாம். எண்ணைக் கூட்டுவது சுலபம், ஒருமுறை வந்த கூட்டத்தைக் குறைக்க நீதிமன்றம்தான் போக வேண்டியிருக்கும்.

மழை, தீ, காட்டுமாடு, ஊர்த் திருவிழா: இந்த நான்கு காரணங்களுக்கு ரேஞ்சரைக் கேட்காமலே குழு கேட்டைப் பூட்டலாம், பூட்டிவிட்டுத் தகவல் சொன்னால் போதும் என்று ஒரு வரி வேண்டும். இதற்குத்தான் தயங்குவார்கள், இதற்குத்தான் பிடிவாதமாக நிற்க வேண்டும். வசூலில் முதல் செலவு தூய்மைக் காவலரின் கூலி; மிஞ்சியது பிறகு. வரவு செலவு மாதாமாதம் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். டிக்கெட் கொடுக்கிறவர்கள் முறை வைத்து ரோந்தும் போக வேண்டும், பெரியாரில் போல.

ஊராட்சியைக் குப்பைக்கும் சாலைக்கும் பிடியுங்கள், கேட்டுக்கு வேண்டாம். ஏலம் எந்த ரூபத்தில் வந்தாலும், பார்க்கிங் மட்டும் என்று வந்தாலும், மறுத்துவிடுவேன். பார்க்கிங் குத்தகைக்காரருக்கும் வண்டிதான் கணக்கு. பழங்குடிக் குடியிருப்பு என்றால் வரிசை மாறும்: முதலில் வன உரிமை மனு, கையில் ரசீது, அதற்குப் பிறகுதான் குழுவில் சேருவதைப் பற்றிய பேச்சு. மனு நிலுவையில் இருக்கும்போதே சுற்றுலாத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடச் சொன்னால், "கிராம சபையில வச்சுச் சொல்றோம் சார்" என்று எழுந்து வந்துவிடலாம். நிலம் பட்டாவாக இருந்தால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அங்கே உரிமையாளர்கள் நாலு பேர் சேர்ந்து வரம்பு வைத்துக்கொண்டால்தான் உண்டு, அதற்கு ஊர்க்கட்டுப்பாட்டைத் தவிர வேறு கருவி எனக்குத் தெரியவில்லை.

அவகாசம் கொஞ்சம் இருக்கிறது. கொடைக்கானல் மலையில் குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்து 2030. அந்த வருடம் மேல்மலைப் புல்வெளிகளைத் தேடி வரும் கூட்டத்துக்கு இப்போதைய சனிக்கிழமைக் கூட்டம் ஒத்திகை மாதிரி. எனவே வருகிற கிராம சபைத் தீர்மானத்தில் எண்ணிக்கை, கிழமை, யார் பூட்டுவது, யார் கூலி கொடுப்பது என்று நான்கையும் எழுதிக் கொண்டுபோங்கள். "சூழல் சுற்றுலாவை மேம்படுத்த வேண்டும்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் பேவர் பிளாக்கும் செல்ஃபி பாயின்ட்டும் லாரியில் வந்து இறங்கும்.